கீழ்பவானிக் கரையில் ஐந்து நாள் மிதிவண்டிப் பயணம்: முன்னேற்பாடுகள் என்ன?

கால்வாய்ப் பாசனத்தில் பயிர் செய்யும் விவசாயிகளில் பெரும்பாலோர் தங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை அறிவர். அம்மடைக்கு மேலுள்ள மதகையும் அறிவர். அதற்கு மேல் தண்ணீர் எவ்வழியாக வருகிறது, எங்கு குறைகிறது, எங்கு வீணாகிறது என்பதை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே. கடைமடை விவசாயி தலைமடைக்காரரைக் குறை கூறுவதும், தலைமடைக்காரர் கால்வாயின் நீளத்தைக் காரணம் காட்டுவதும் ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய பேச்சுகள். இருவரும் ஒரே கரையில் ஐந்து நாள் மிதிவண்டியில் சேர்ந்து சென்றால் இப்பேச்சில் பாதி குறையும். மீதிப் பாதிக்காவது மைல் கணக்கோடு கூடிய ஆதாரம் கிடைக்கும்.

பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானிப் பிரதானக் கால்வாய் இத்தகைய பயணத்துக்கு மிகவும் ஏற்றது. 1948இல் பணி தொடங்கி 1950களின் நடுவில் நிறைவுற்ற இத்திட்டம் நாடு விடுதலை பெற்றபின் முதலில் எடுக்கப்பட்ட பெரிய பாசனத் திட்டங்களுள் ஒன்று. இதற்காகப் பாடுபட்ட தியாகி எம்.ஏ.ஈஸ்வரனை ஈரோடு வட்டார விவசாயிகள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். கால்வாயின் நீளம் சுமார் 200 கி.மீ. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் இதன் ஆயக்கட்டு. இதை 1,03,500 ஏக்கர் கொண்ட இரு பாதிகளாகப் பிரித்து, பிரதானக் கால்வாயின் ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். சென்னசமுத்திரம் பகிர்மானக் கால்வாய்க்கு இம்முறை மாறி வரும். ஒரு பாதிக்கு நன்செய்ப் பருவம், மறு பாதிக்குப் புன்செய்ப் பருவம் என்பது ஏற்பாடு.

மேலை நாடுகளில் கால்வாய்க் கரையில் மிதிவண்டிப் பயணம் செல்வது விடுமுறைப் பொழுதுபோக்கு. அங்குள்ள பழைய கால்வாய்கள் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டவை. கரையில் நடந்த குதிரையோ கோவேறு கழுதையோ கயிற்றால் படகை இழுத்துச் செல்லும். அமெரிக்காவின் செசபீக்–ஒகையோ கால்வாயில் 1924 வெள்ளத்துக்குப் பின் படகுகள் நின்றன, 184.5 மைல் நீளமுள்ள அந்த இழுவைக் கரை 1971 முதல் தேசியப் பூங்காவின் பகுதியாகி, மிதிவண்டிக்காரர்கள் நாள்கணக்கில் செல்லும் வழியாயிற்று. அங்கு சில மைலுக்கு ஒரு தங்குமிடமும் கைப்பம்பும் உண்டு. கீழ்பவானிக் கரை அப்படிப்பட்டதன்று. அது கால்வாயைப் பராமரிக்கும் பணியாளர்கள் சென்று வருவதற்கான வழி. தங்குமிடம், குடிநீர், நிழல் எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டுதான் புறப்பட வேண்டும்.

மிதிவண்டி எதற்கு?

மோட்டார் சைக்கிளில் சென்றால் இரண்டே நாளில் முடித்துவிடலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். முடித்துவிடலாம், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். கரையில் உள்ள நண்டு வளையும் எலி வளையும் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கண்ணுக்குப் படுவதில்லை. மதகுப் பலகையின் இடுக்கில் நீர் ஒழுகும் ஓசை என்ஜின் சத்தத்தில் கேட்பதில்லை. நடந்து சென்றால் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் பண்ணையை விட்டு வர யாராலும் இயலாது. மணிக்குப் பத்து கி.மீ. செல்லும் மிதிவண்டியே இப்பணிக்குச் சரியான வாகனம். நாளொன்றுக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரம் ஓட்டவும், நான்கு மணி நேரம் இறங்கிப் பார்க்கவும் பொழுது இருக்கும். ஐந்து நாளில் கடைமடையை அடையலாம்.

எப்போது செல்லலாம்?

அணையில் போதிய நீர் இருந்தால் ஆகஸ்டு 15 வாக்கில் முதல் பருவத்துக்கும், ஜனவரியில் இரண்டாம் பருவத்துக்கும் தண்ணீர் திறப்பது வழக்கம். ஏப்ரல் இறுதிக்குப் பின் கால்வாய் வறண்டு கிடக்கும். பயணத்துக்கு ஏற்ற காலம் ஆடி மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள், அதாவது ஜூலை பிற்பகுதி. சித்திரை, வைகாசி வெயிலில் நிழலற்ற கரையில் செல்வது உடலுக்கு ஆகாது. தண்ணீர் திறந்த பின்னரோ நாற்றங்கால் வேலை வந்துவிடும். மதகின் அடித்தளமும் கால்வாயின் உட்சரிவும் நீருக்குள் மறைந்துவிடும்.

ஆடியில் செல்வதில் இன்னொரு வசதியும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கொங்கு நாட்டில் அப்போது பலமாக வீசும். கால்வாயோ தலைப்பிலிருந்து பெரும்பாலும் கிழக்காகவும் தென்கிழக்காகவும் செல்கிறது. எனவே பவானிசாகரில் தொடங்கி மங்களப்பட்டியை நோக்கிச் சென்றால் காற்று முதுகைத் தள்ளும். எதிர்த்திசையில் வந்தால் நாளுக்கு 25 கி.மீ. கடப்பதே பெரும்பாடாகிவிடும். கடைமடை விவசாயிகள் தங்கள் ஊரிலிருந்தே தொடங்க விரும்புவது இயல்பு. அவ்வாறு செய்யாமல், மிதிவண்டிகளைச் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி முதல் நாளே பவானிசாகர் சென்றுவிடுவது நல்லது. அன்று மாலை பொழுது கிடைத்தால் அங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையும் முன்கூட்டித் தெரிவித்துப் பார்த்து வரலாம். பி.எஸ்.ஆர்.1, பி.எஸ்.ஆர்.2 மஞ்சள் ரகங்கள் வெளிவந்த இடம் அது.

அனுமதியும் ஆட்களும்

கால்வாய்க் கரை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. பயண நாளுக்கு மூன்று வாரம் முன்னரே உதவிப் பொறியாளருக்குப் பாசன சபையின் பெயரில் கடிதம் கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறைகள் மேலாண்மைச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது முதல் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குச் சட்டப்படியான இடம் உண்டு. பராமரிப்பு வேலைகளை முடிவு செய்யுமுன் துறையினரும் விவசாயிகளும் சேர்ந்து கால்வாயை நடந்து பார்ப்பது இம்முறையில் நன்கறிந்த நடைமுறையே. அதையே மிதிவண்டியில் செய்வதாகக் கடிதத்தில் குறிப்பிட்டால் போதும். ஒவ்வொரு பிரிவின் லஸ்கரும் தம் எல்லையில் ஒரு நாள் உடன் வந்தால் மிகவும் நன்று. எந்த இடத்தில் வழி முட்புதரால் அடைபட்டுள்ளது, எங்கே எதிர்க்கரைக்கு மாற வேண்டும், எந்தப் பாலம் பழுது என்பவற்றை அவரே அறிவார்.

குழுவில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். தலைமடை, நடுமடை, கடைமடை மூன்று பகுதியினரும் சமமாக இருக்க வேண்டும். ஒரே பகுதியார் மட்டும் சென்றால் திரும்பி வந்து சொல்வதை மற்றவர் நம்பமாட்டார். பெண் விவசாயிகள் உறுப்பினராக உள்ள சங்கங்கள் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவுத் தங்கலை அதற்கேற்ப அமைப்பது கடினமன்று. மிதிவண்டி பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், குறிப்பு எழுதுபவர் இருவர் கட்டாயம் வேண்டும். எழுதுபவர் இருவரும் வெவ்வேறு மடைப்பகுதியைச் சேர்ந்தவராக இருத்தல் நலம்.

வண்டியைத் தயார் செய்தல்

வீட்டில் உள்ள மிதிவண்டியே போதும். பழைய கனத்த வண்டி மெதுவாகச் சென்றாலும் செம்மண்ணிலும் சரளையிலும் தாங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியையும் எடுத்துச் செல்லலாம். கேரியர் கம்பிகளையும் திருகாணிகளையும் முதலில் இறுக்கிக்கொள்ள வேண்டும். கியர் வைத்த புதுவகை வண்டி ஓட்ட இலேசானது. ஆனால் அதன் கியர் உடைந்தால் கரையோரக் கிராமத்துக் கடையில் மாற்றுச் சாமான் கிடைப்பது அரிது.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே வண்டியைக் கடையில் கொடுத்து, சக்கரக் கோட்டம் எடுத்து, பால்ரஸ்களுக்குக் கிரீஸ் வைத்து, பிரேக் கட்டைகளை மாற்றிவிட வேண்டும். முதல் நாள் மாலையில் இவ்வேலையைச் செய்வது தவறு. புதிதாக இறுக்கிய ஆரக்கம்பிகளும் திருகாணிகளும் ஓரிரு நாள் ஓடிய பின் சற்றே தளரும். அவற்றை மறுபடி பார்க்கக் கால அவகாசம் வேண்டும். இருக்கையின் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். கிராமங்களில் பலரும் இருக்கையைத் தாழ்வாக வைத்து ஓட்டுகிறார்கள். கடைத்தெருவுக்குப் போய்வர அது போதும். நாள்தோறும் 40 கி.மீ. என்றால் மூன்றாம் நாள் முழங்கால் வலி கண்டுவிடும்.

கரையில் மிகப் பெரிய தொல்லை முள். சீமைக் கருவேல் முள் கண்ணுக்குத் தெரியும். தரையோடு படரும் நெருஞ்சி தெரியாது. செம்மண் கரையில் நெருஞ்சி படர்ந்த இடத்தில் வண்டியை ஓட்டாமல் தூக்கிச் செல்வதே சிக்கனம். ஒவ்வொருவரும் ஒரு மாற்று டியூப் வைத்திருக்க வேண்டும். குழுவுக்கு இரண்டு காற்றடிக்கும் பம்புகள், பஞ்சர் சொலூஷன், ரப்பர் துண்டுகள், உப்புத்தாள், டயர் கழற்றும் நெம்புகோல்கள், ஸ்பானர், சிறு எண்ணெய்க் குப்பி ஆகியன போதும். பஞ்சர் ஒட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய முள் முனை அத்துணியில் மாட்டும். இதைச் செய்யாதவர் அதே சக்கரத்துக்கு அரை மணியில் மீண்டும் பஞ்சர் ஒட்டுவார்.

சுமை பத்து கிலோவுக்கு மேல் போகலாகாது. அதையும் கைப்பிடியில் தொங்கவிடாமல் பின் கேரியரில் தாழ்வாகக் கட்ட வேண்டும். கைப்பிடியில் பை ஆடினால் சரளையில் முன்சக்கரம் வழுக்கும். வழுக்கினால் ஒருபுறம் கால்வாய், மறுபுறம் பள்ளம்.

உடல் பழக்கம்

தினமும் வயலில் உழைப்பவருக்குப் பயிற்சி எதற்கு என்று எண்ணலாம். வயல் உழைப்பு வேறு, இருக்கையில் நான்கு மணி நேரம் அமர்வது வேறு. மூன்று வாரம் முன்பிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டிப் பழக வேண்டும். முதல் வாரம் 10 கி.மீ., இரண்டாம் வாரம் 20 கி.மீ., மூன்றாம் வாரம் சுமையோடு 30 கி.மீ. என்று கூட்டலாம். இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஒரு வாரத்துக்கான மாத்திரைகளோடு வர வேண்டும். நீரிழிவுக்காரர் சட்டைப் பையில் சிறிது சர்க்கரை வைத்திருக்க வேண்டும். வேளை தவறி உண்ணலாகாது.

ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் குடிநீர் தேவைப்படும். கால்வாயில் தேங்கிக் கிடக்கும் நீரைக் குடிக்கக் கூடாது. ஊர்களில் காய்ச்சி ஆறிய நீரைக் கேட்டு வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். வெயிலில் சோர்ந்தவருக்கு நீர்மோர் நல்லது. வயிற்றுப்போக்கு கண்டவருக்கு ஒரு லிட்டர் நல்ல நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்க வேண்டும். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு போதும். பின்னர் காலைக்கும் இரவுக்கும் ஊர்க் கடைகளில் உண்டு, நடுப்பகலுக்கு வறுத்த நிலக்கடலை, அவல், கருப்பட்டி வைத்துக்கொள்ளலாம்.

இரவுத் தங்கலுக்குப் பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், கோயில் மண்டபம் ஆகியவற்றில் ஒன்றை முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். கொங்கு நாட்டில் எந்த ஊரிலும் யாருக்காவது மாமன் மச்சான் வீடு இருக்கும். அங்கு தங்குவதைத் தவிர்ப்பதே நல்லது. விருந்து முடிந்து மறுநாள் புறப்படும்போது மணி பத்தாகிவிடும்.

பவானிசாகர்ப் பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி. காப்பகம் 2013இல் அறிவிக்கப்பட்டது. யானைகள் நடமாட்டம் உள்ள அவ்விடங்களில் விடிந்த பின்னரே கிளம்பி, மாலை ஐந்து மணிக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். புதர் மண்டிய கரையில் பாம்புக்கு அஞ்சி நடப்பது கோழைத்தனமன்று. பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுதல், இறுகக் கட்டுதல் இரண்டும் கூடாது. காலை அசைக்காமல் வைத்து 108 ஊர்தியை அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். பக்கத்து ஊரின் பெயரும் மைல் எண்ணும் உடனே சொல்லத் தெரிந்திருந்தால்தான் ஊர்தி வந்து சேரும்.

கரையில் என்ன பார்ப்பது?

பயணத்தின் பயன் இதில்தான் அடங்கியுள்ளது. கீழ்பவானி, நிலத்தின் சம உயரத்தை ஒட்டி வளைந்து செல்லும் கால்வாய். தலைப்பிலிருந்து செல்லும்போது வலப்பக்கம் மேட்டு நிலம், இடப்பக்கம் தாழ்ந்த ஆயக்கட்டு. ஆகவே இடக்கரையே நீரின் பாரத்தைத் தாங்கி நிற்கிறது, அதுதான் உடையும். அக்கரையின் வெளிப்புற அடிவாரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் நின்று மூன்று மாதம் ஆன பின்னும் ஓரிடத்தில் மட்டும் கோரையும் புல்லும் பச்சையாக நின்றால் அங்கு கசிவு இருந்திருக்கலாம். உடனே அப்படி எழுதிவிடவும் கூடாது. பக்கத்துக் கிணற்று நீரோ வீட்டுச் சாக்கடையோ காரணமாக இருக்கலாம்; அந்த வயல்காரரைக் கேட்டுத் தெளிய வேண்டும். நண்டு வளை, எலி வளை, வெட்டிய மரத்தின் வேர் அழுகிய துளை ஆகியன பார்வைக்கு அற்பமானவை. கால்வாயில் நீர் நிறையும்போது இத்துளை வழியே நீர் ஊடுருவி மண்ணைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு வெளியேறும். துளை பெரிதாகி, மேலுள்ள மண் சரிந்து, ஒரே இரவில் கரை உடைந்துவிடும். அந்த உடைப்பை அடைக்கத் தண்ணீரை நிறுத்தும் நாள்களில் வாடுவது கடைமடைப் பயிர்.

மதகுகளில் பலகை, திருகு, அடித்தளம் மூன்றையும் பார்க்க வேண்டும். மேட்டு நிலத்திலிருந்து வரும் ஓடைகள் கால்வாயைக் கடக்கும் இடங்களில் குப்பையும் முட்செடியும் அடைத்துள்ளனவா என்று காண்க. ஐப்பசி மழையில் ஓடை நீர் போக வழியின்றி ஏறினால் மேட்டுப்புறக் கரையும் சரியும். ஒவ்வொன்றையும் எழுதும்போது மைல் கல்லின் எண்ணைச் சேர்த்தே எழுத வேண்டும். கால்வாயில் இடத்தை மைல் கணக்கில் சொல்வதே விவசாயிகளிடம் இன்றும் வழக்கம். ‘பெரிய புளிய மரத்துக்கு அருகில்’ என்று எழுதினால் அலுவலகத்தில் யாருக்கும் விளங்காது.

கால்வாயில் இறக்கிய குழாய்களும் கண்ணில் படலாம். குழுவினர் அவற்றைப் பிடுங்கவோ, அங்குள்ளோரிடம் வாதிடவோ கூடாது. மைல் எண்ணைக் குறித்துக்கொண்டு செல்வதோடு நிற்க வேண்டும். ஒரு குழாய்க்காக எழும் சண்டையில் ஐந்து நாள் பயணமும் முதல் நாளிலேயே முடிந்துவிடும்.

கான்கிரீட் தளம் பற்றிய கருத்து வேற்றுமையை இக்கரையில் யாரும் தவிர்க்க இயலாது. கசிவைத் தடுத்தால்தான் கடைசி ஏக்கர் வரை நீர் எட்டும் என்பது ஒரு சாரார் கட்சி. மண் கால்வாயின் கசிவால்தான் கிணறுகளும் ஓடைகளும் உயிரோடு இருக்கின்றன என்பது மறு சாரார் கட்சி. இரண்டுமே வெறும் பேச்சல்ல. கசிவு நீரை நம்பித் தென்னையும் மஞ்சளும் வைத்தவர்கள் கரைக்குக் கீழே இருக்கிறார்கள். முறைத் தண்ணீர் வந்து சேராமல் நிலக்கடலை காயக் கண்டவர்கள் கடைசியில் இருக்கிறார்கள். பயணத்தில் ஓரிரவாவது கசிவு நீர் விவசாயிகளின் ஊரில் தங்கி, கிணற்றில் கால்வாய் நிற்கும் மாதத்தில் எத்தனை அடி நீர், ஓடும் மாதத்தில் எத்தனை அடி நீர் என்று கேட்டு எழுதி வருவது பயன் தரும். கசிவு வேறு, உடைந்த மதகிலும் வளைகளிலும் ஓடிப்போகும் நீர் வேறு. முன்னதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். பின்னதை அடைப்பதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.

தண்ணீர் திறந்து இரண்டு வாரம் கழித்து, அவரவர் பகிர்மானக் கால்வாயில் மட்டும் ஒரு நாள் சென்று நீரை அளந்து பார்க்க வேண்டும். நேராகவும் ஒரே அகலமாகவும் உள்ள இடத்தில் 30 மீட்டர் தூரத்துக்கு இரு கயிறுகள் கட்டி, ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நேரம் பார்க்கலாம். 40 விநாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.75 மீட்டர். அடியில் வேகம் குறைவாதலால் இதை 0.85ஆல் பெருக்க, சுமார் 0.64 வரும். நீர் நிற்கும் குறுக்குப் பரப்பு 1.8 சதுர மீட்டர் என்றால் விநாடிக்கு 1.15 கன மீட்டர், அதாவது சுமார் 40 கன அடி ஓடுகிறது. இதே அளவைக் கிளையின் தொடக்கத்திலும், நடுவில் மதகுகள் மூடியிருக்கும் வேளையில் அதன் கடைசியிலும் எடுத்தால் வழியில் எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிடும். ஓடும் கால்வாயில் இறங்கி ஆழம் பார்க்கலாகாது. அளவுக்கோலைப் பாலத்தின் மேலிருந்தே விட வேண்டும். நீச்சல் தெரிந்தவரையும் கால்வாய் இழுத்துச் சென்றதுண்டு.

மங்களப்பட்டியை அடைந்த மாலையே குறிப்பேடுகள் இரண்டையும் ஒப்பிட்டு ஒரே பட்டியலாக எழுதி, குழுவினர் அனைவரும் கையெழுத்திட வேண்டும். ஊருக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் ஆளுக்கொரு பட்டியல் வந்துவிடும். நண்டு வளை அடைத்தல், புதர் வெட்டுதல் போன்று விவசாயிகளே செய்யக் கூடியவற்றைத் துறையின் அனுமதியோடு சங்கங்கள் பிரித்துக்கொள்ளலாம். மதகுப் பலகை, கட்டுமானப் பழுதுகள் ஆகியவற்றை மைல் எண்ணோடு தனித்தாளில் எழுதி உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். பயணம் ஜூலை இறுதிக்குள் முடிந்தால்தான் தண்ணீர் திறக்குமுன் இவ்வேலைகளுக்கு இரண்டு வாரமாவது கிடைக்கும்.

திரும்பும்போது மேல்காற்று எதிர்க்காற்று. ஆகவே வண்டிகளை ஏற்றி வரச் சரக்கு வண்டிக்கும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.